தாய்க்கும் சேய்க்கும் நடுவே ஒரு மெல்லிய உறை

என் மகளுக்குப் பிரசவமான மூன்றாம் நாள் மாலையில், மருத்துவமனை வாசலில் இருந்த மருந்துக் கடையிலிருந்து மாப்பிள்ளை ஒரு சிறிய அட்டைப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து கட்டிலின் மேல் வைத்தார். பிரித்துப் பார்த்தபோது, அகன்ற விளிம்பும் நடுவே எழுந்த சிறு கூம்பும் கூம்பின் நுனியில் சில துவாரங்களுமாக, தண்ணீரில் நனைந்த வெங்காயத் தோலைப் போல ஒளி ஊடுருவும் ஒரு பொருள் அதற்குள் இருந்தது. ‘நிப்பிள் ஷீல்டு’ என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். முலைக்காம்பு உறை என்று நாம் சொல்லலாம். தாயின் காம்பின்மேல் இதைக் கவிழ்த்து வைக்க, குழந்தை இதன் வழியாகப் பாலை உறிஞ்சிக் குடிக்கும் என்பது மட்டுமே எங்களுக்கு விளங்கிற்று. எந்த அளவு பொருந்தும், எப்படி ஒட்டவைப்பது, எத்தனை நாள் வைத்துக்கொள்வது, பால் குழந்தையின் வயிற்றுக்குப் போகிறதா என்பதை எதைக் கொண்டு அறிவது என்னும் கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்ல வேண்டியவரோ, சீட்டில் இரண்டு வார்த்தைகளை எழுதிக் கொடுத்துவிட்டு, தம் முறை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு கூடம் நிறையத் தாய்மாரைக் கவனிக்க வேண்டியவர், ஒருத்தியின் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்க நேரத்துக்கு எங்கே போவார்? ஆயினும், அந்த அரைமணி நேரத்துக்குப் பதிலாக ஒரு பொருளை வைத்துவிட்டுப் போகிற வழக்கம் நம் பிரசவ அறைகளில் வேரூன்றுவதை நான் அன்று கண்ணாரக் கண்டேன். என் வருத்தம் அந்த வழக்கத்தைப் பற்றியதே தவிர, அந்தப் பொருளைப் பற்றியதன்று.

ஸ்தன்யபானத்தைப் பற்றிப் பேசும்போது நம்மவர் அதன் மேன்மையைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தாய்ப்பால் அமிர்தம் என்று ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் எழுதியிருக்கிறது. அந்த அமிர்தம் சுரந்தும் சிசுவின் வாய்க்குள் இறங்காமல் நிற்கும் இரவைப் பற்றியும், காம்பு வெடித்து இரத்தம் கசிவதைப் பற்றியும், மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு ஜுரம் காய்வதைப் பற்றியும் அச்சில் எழுதக் கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சத்தின் பலனை அனுபவிப்பவள், நள்ளிரவில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தனக்கு மட்டும் ஏன் இப்படி என்று விம்முகிற பெண்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குழந்தை காம்பை மட்டும் சப்பிப் பால் குடிப்பதில்லை. வாயை ஆவென்று அகலத் திறந்து, காம்போடு அதைச் சூழ்ந்த கருவட்டத்தின் பெரும்பாகத்தையும் உள்ளே வாங்கி, நாக்கைக் கீழே ஏந்தி, மேலண்ணத்தின் கடினமான பாகம் முடிந்து மிருதுவான பாகம் தொடங்கும் இடத்தை ஒட்டிக் காம்பை நிறுத்திக்கொண்டு, நாக்கைத் தாழ்த்தும்போது வாய்க்குள் உண்டாகும் வெற்றிடத்தின் இழுப்பினால் பாலைப் பாயச் செய்கிறது. காம்பு அவ்வளவு தூரம் உள்ளே போய்விட்டால் அதற்கு ஒரு சேதமும் இல்லை. நுனியளவில் நின்றுவிட்டாலோ, ஈறுக்கும் நாக்குக்கும் இடையே நசுங்கிப் புண்ணாகிறது, பாலும் வருவதில்லை. இத்தனை நுட்பத்தையும் எங்கள் பக்கத்துப் பாட்டிமார் ‘வாய் பிடிச்சுடுத்து’ என்றும் ‘இன்னும் வாய் பிடிக்கலை’ என்றும் இரண்டே சொற்களில் அடக்கிவிடுவார்கள்.

என் மகளுக்கு வந்த சங்கடம், காம்பு எழும்பாமல் தட்டையாக இருந்தது. பிறவியிலேயே சிலருக்குக் காம்பு உள்ளிழுத்துக்கொண்டிருப்பது உண்டு. கருவட்டத்தின் ஓரத்தை இரு விரல்களால் மெல்ல அழுத்தும்போது காம்பு வெளியே வருவதற்கு மாறாகப் பின்னால் ஒடுங்குமானால் அது அந்த ஜாதி. இவளுக்கு அப்படியில்லை. சிசேரியன் நடந்தது, அதற்கு முன்னும் பின்னும் நரம்பு வழியாகப் புட்டி புட்டியாகத் திரவம் ஏறிற்று, அந்த நீர் கால்களில் மட்டுமன்றி மார்பிலும் கோத்துக்கொண்டு, கருவட்டம் ஊதிய பலூனைப் போல விறைத்து, காம்பை உள்ளே விழுங்கிவிட்டது. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21ஆம் ஆண்டுக் கணக்கில், தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் நூற்றுக்கு 44.9 சிசேரியன் என்று இருக்கிறது. இந்த வீக்கம் எத்தனை வீடுகளில், ‘உனக்குக் காம்பு சரியில்லை’ என்னும் ஒரு வார்த்தையாக மாறி, ஒரு பெண்ணின் மனத்தில் தைத்திருக்குமோ என்று எண்ணும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஏனெனில், விரல் நுனிகளைக் காம்பின் அடியைச் சுற்றிப் பூவிதழ்களைப் போல வைத்து, மார்புக் கூட்டை நோக்கி ஒரு நிமிஷ நேரம் மெல்ல அமுக்கிக்கொண்டிருந்தால், அந்த இடத்து நீர் பின்வாங்கி, கருவட்டம் குழைந்து, குழந்தையின் வாய்க்குப் பிடி கிடைத்துவிடுகிறது. காசு செலவில்லாத இந்த வித்தையை எங்களுக்கு அன்று ஒருவரும் சொல்லவில்லை.

அன்று இரவு நாங்களாகவே உறையை மாட்டிப் பார்த்தோம். உலர்ந்த உறை தோலில் ஒட்டாமல் வழுக்கிற்று. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குழந்தையை ஏந்த, தையல் போட்ட வயிற்றின்மேல் பாரம் விழ, என் மகள் பல்லைக் கடித்துக்கொண்டாள். குழந்தை கூம்பின் நுனியை மட்டும் கவ்வி, டப்டப்பென்று நாலு தடவை சப்பிவிட்டு, வீறிட்டு அழுதது. முதல் நாட்களில் சுரக்கும் சீம்பால் தேனைப் போலக் கெட்டியானது, சொட்டுச் சொட்டாகத்தான் வரும், உறைக்குள் இறங்கினால் அதன் சுவரில் ஒட்டிக்கொண்டு வீணாகும், ஆகவே பால் இறங்கும் வரையில் அதைக் கையால் பீய்ச்சிப் பாலாடையிலோ கரண்டியிலோ புகட்டுவதே உத்தமம் என்பதெல்லாம் பின்னால் அறிந்த விஷயங்கள். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பழமொழி. எங்கள் பிள்ளையோ அழுது களைத்து, களைப்பிலேயே உறங்கிப்போக, அந்த உறக்கத்தை வயிறு நிறைந்ததன் அடையாளமென்று எண்ணி நாங்களும் விளக்கை அணைத்தோம். பட்டினியால் சோர்ந்த சிசுவும் பால் நிறைந்த சிசுவும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே உறங்கும் என்பதை, இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த நானே மறந்திருந்தேன்.

இந்த உறையின் சரித்திரத்தைப் பிற்பாடு தேடிப் படித்தேன். நேற்று முளைத்த பொருள் அல்ல இது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக வெள்ளியிலும் மரத்திலும் மெழுகிலும் தந்தத்திலும் கண்ணாடியிலும் செய்து பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில், டாக்டர் வான்ஸ்பரோ என்பவர் பெயரால், காம்பு வெடிப்புக்கு நிவாரணம் என்று சொல்லி ஈயத்தால் செய்த உறைகள் விற்பனையாயின. பால் கொடுக்காத வேளைகளில் காம்பின்மேல் கவிழ்த்துவைக்க வேண்டியது அது. மிருதுவான உலோகம், குளிர்ச்சியானது, எரிச்சலுக்கு இதமானது. ஆனால் கசியும் பாலில் ஈயம் கரைந்து காம்பிலேயே தங்கி, அடுத்த வேளைப் பாலோடு சிசுவின் வயிற்றுக்குள் போயிற்று. 1926இல் வில்காக்ஸ், காஃபி என்னும் இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், இப்படி ஈய விஷம் ஏறிய இரண்டு கைக்குழந்தைகளின் நோய் விவரத்தை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். தன் குழந்தைக்குப் பாலூட்ட வேண்டும் என்பதற்காகவே வேதனையைச் சகித்துக்கொண்டு ஒரு தாய் அணிந்த கவசம், அந்தக் குழந்தைக்கே நஞ்சாயிற்று. அந்தத் தாய்மாரை நினைக்கும்போது, அவர்கள் பெயர் தெரியாவிட்டாலும், என் வீட்டுப் பெண்களைப் போலவே தோன்றுகிறது.

ஈயம் போய் ரப்பர் வந்தது. தொப்பியைப் போலத் தடித்த அந்த ரப்பர் உறையை 1980இல் இங்கிலாந்தில் உல்ரிட்ஜ், பாம், ட்ரூயெட் என்னும் மூவர் அளந்து பார்த்தார்கள்: அதை மாட்டிக்கொண்டபோது குழந்தைக்குக் கிடைத்த பால் நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது, மெல்லிய லேடெக்ஸ் உறையில் அக்குறைவு 22 பங்கு. மார்பு ஒரு விசித்திரமான பாத்திரம். எவ்வளவு காலியாகிறதோ அவ்வளவே மறுபடி நிறையும். குழந்தை உறிஞ்சும் ஸ்பரிசத்தைக் காம்பின் நரம்புகள் மூளைக்கு அறிவிக்க, மூளை சுரப்பு நீர்களை அனுப்ப, பால் ஊறுகிறது. தடித்த சுவர் ஒன்று நடுவே நின்று அந்த ஸ்பரிசத்தையும் மறைத்து, பாலையும் முழுக்க வெளியேற விடாவிட்டால், ‘பால் வற்றிவிட்டது’ என்று சில வாரங்களில் சொல்ல நேர்வதில் ஆச்சரியம் இல்லை. உறையைப் பற்றி மூத்த மருத்துவர்கள் இன்றும் முகம் சுளிப்பதற்கு மூலகாரணம் அந்த ரப்பர் காலத்து அநுபவமே.

அதன்பின் வந்தது, இப்போது கடைகளில் கிடைக்கும் மிக மெல்லிய சிலிக்கோன் உறை. அதன் நற்பெயர் ஓங்கியது குறைமாதக் குழந்தைகளால். 2000ஆம் ஆண்டில் சிகாகோவைச் சேர்ந்த பாலா மியர் என்னும் செவிலிய அறிஞரும் அவருடைய சகாக்களும், மாதம் நிறையாமல் பிறந்த 34 குழந்தைகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பால் குடிக்கும் முன்னும் பின்னும் குழந்தையை நுட்பமான தராசில் நிறுத்துப் பார்த்ததில், உறையின்றி ஒரு வேளைக்குச் சராசரி 3.9 மில்லிலிட்டர் குடித்த அக்குழந்தைகள், உறையோடு 18.4 மில்லிலிட்டர் குடித்தன. காரணம் எளியது. குறைமாதச் சிசுவுக்கு உறிஞ்சும் பலம் போதாது. இரண்டு தடவை உறிஞ்சிவிட்டு மூச்சுக்காக நிற்கும்போது காம்பு வாயிலிருந்து நழுவி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. உறையின் கூம்புக்குள் உண்டான வெற்றிடம், குழந்தை ஓய்வெடுக்கும் அந்தக் கணத்தில் காம்பை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது. உறுதியான அதன் நுனி அண்ணத்தில் பட்டு, உறிஞ்சும் உந்துதலையும் தூண்டுகிறது. நாள் நிறைந்து பிறந்த பிள்ளைகள் விஷயத்திலும், 2009இல் வெளியான ஓர் ஆய்வில், 54 தாய்மாரைக் கொண்டு, உறையோடும் உறையில்லாமலும் பாலூட்டுவதை ஒப்பிட்டபோது, இரண்டு மாதம் வரையில் எடை ஏறுவதில் பேதம் காணப்படவில்லை. இந்த எண்களில் என் கண்ணில் பட்டது சிலிக்கோனின் மகிமை மாத்திரமன்று. ஒவ்வொரு வேளையும் ஒருவர் பக்கத்தில் இருந்தார், குழந்தையை நிறுத்துப் பார்த்தார், கணக்கு வைத்தார். எங்கள் அட்டைப் பெட்டிக்குள் இல்லாதது அது ஒன்றுதான்.

ஐந்தாம் நாள் வீடு வந்தோம். ஆறாம் நாள் காலையில், அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலி, எங்கள் ஊரில் எல்லாருக்கும் நர்ஸம்மா, பார்க்க வந்தவர் குழந்தையின் உதட்டைத் தொட்டுப் பார்த்தார், “நேத்திலேர்ந்து எத்தனை தடவை ஒண்ணுக்குப் போச்சு?” என்று கேட்டார். இரண்டு என்றோம். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அங்கன்வாடிக்கு ஆள் அனுப்பித் தராசை வரவழைத்தார். பிறந்தபோது 2 கிலோ 700 கிராம் இருந்த குழந்தை 2 கிலோ 450 கிராமில் நின்றது. பத்தில் ஒரு பங்கை நெருங்கும் அந்தக் குறைவு அபாயத்தின் எல்லை என்று அவர் முகமே சொல்லிற்று. அன்று மாலைக்குள் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

பிறகு அவர் செய்தவற்றை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். “அம்மாடி, முதல்ல நல்லா சாஞ்சு உட்காரு. முதுகுக்குத் தலகாணி வெச்சுக்கோ. புள்ளையை மார்கிட்ட கொண்டு வா, நீ புள்ளைகிட்டக் குனியாதே” என்றார். வீங்கிய கருவட்டத்தை விரல்களால் அமுக்கிக் குழைத்தார். பெட்டியில் அச்சிட்டிருந்த 24 என்னும் எண்ணை அவர் காட்டிய பிறகுதான், இதற்கு மில்லிமீட்டர் அளவு உண்டென்பதே எங்களுக்குத் தெரிந்தது. காம்பின் அடிப்பாகம் நெருக்கப்படாமலும், கூம்பு குழந்தையின் சிறு வாய்க்கு அடங்கும்படியும் இருக்க வேண்டும் என்று சொல்லி, 20 வாங்கி வரச் சொன்னார். வந்ததும் வெந்நீரில் கழுவி, ஈரம் சொட்ட எடுத்து, விளிம்பைப் பாதி வரையில் உட்புறம் வெளிப்புறமாகப் புரட்டி, கூம்பைக் காம்பின்மேல் வைத்து, புரட்டிய விளிம்பை மெல்ல விரித்துவிட்டார். விரியும்போதே உறை தோலைப் பற்றிக் காம்பை உள்ளே இழுத்துக்கொண்டதைக் கண்ணால் கண்டோம். விளிம்பில் வெட்டுப்பட்டிருந்த பக்கத்தைக் குழந்தையின் மூக்கு வரும் திசைக்குத் திருப்பினார். நாலு துளி பாலைப் பீய்ச்சி உறையின் நுனியில் விட்டார். குழந்தையின் மேலுதட்டை அதனால் தடவி, அது கொட்டாவி விடுவதைப் போல வாயைத் திறக்கும் வரையில் பொறுமையாகக் காத்திருந்து, திறந்த அந்தக் கணத்தில், நுனியை மட்டுமன்றி உறையின் சரிவையும் சேர்த்து வாங்கும்படி அணைத்துக் கொடுத்தார்.

ஆரம்பத்தில் வேகமாக, மேலோட்டமாகச் சப்பிற்று. பிறகு தாடை ஆழ்ந்து இறங்கி, ஒரு கணம் நின்று, எழுந்தது; தொண்டையில் ‘க்’ என்று மிக மெல்லிய ஓசை. “கேட்டியா? அதான் முழுங்கற சத்தம்” என்றார் நர்ஸம்மா. பத்து நிமிஷம் கழித்து உறையை எடுத்தபோது, அதன் கூம்பில் அரைக் கரண்டிப் பால் தேங்கி நின்றது. என் மகள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். நாலு நாட்களாகத் தன் உடம்பின்மேல் அவள் வைத்திருந்த அவநம்பிக்கை, அந்த அரைக் கரண்டியில் கரைவதை நான் பார்த்தேன்.

வேலை அதோடு முடியவில்லை. ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் மார்பில் மிஞ்சிய பாலைக் கையால் பீய்ச்சிப் பாலாடையில் புகட்ட வேண்டும், அப்பொழுதுதான் குழந்தைக்கும் குறையாது, சுரப்பும் குன்றாது என்று சொன்னார். உறையைச் சோப்பு நீரில் கழுவித் தினம் ஒரு முறை கொதிக்கவைத்து மூடிவைக்க வேண்டும். நாளொன்றுக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழிகிறதா என்று எண்ண வேண்டும். வாரம் இரு முறை தராசு. தினம் 20 முதல் 30 கிராம் வரை ஏறினால் உறை தன் வேலையைச் செய்கிறது. ஏறாவிட்டால், உறை எவ்வளவு சுகமாக இருந்தாலும் அது நம்மை ஏமாற்றுகிறது. டாக்டரும் பார்த்துவிட்டு அதையே சொன்னார். பதினைந்தாம் நாள் குழந்தை பிறந்த எடையை எட்டிற்று.

காம்புப் புண்ணுக்காக உறை வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. புண்ணுக்குக் காரணம் பெரும்பாலும் வாய்ப்பிடி சரியில்லாமையே. அதைத் திருத்தாமல் மேலே உறையைப் போட்டால், நோவு மறைந்து காரணம் நிலைத்துவிடும், பாலும் குறையும். உள்ளிழுத்த காம்புக்கோ நம் நாட்டிலேயே பிறந்த ஓர் உபாயம் இருக்கிறது. கர்நாடகத்துத் தாவணகெரேயில் குழந்தை மருத்துவரான நிர்மலா கேசரியும் அவருடைய சகாக்களும் 1993இல் எழுதி வெளியிட்டது அது: ஊசிபோடும் பிளாஸ்டிக் சிரிஞ்சின் ஊசி மாட்டும் முனையை வெட்டிவிட்டு, வெட்டிய அந்தப் பக்கத்தின் வழியாக உள்தண்டைச் செலுத்தி, வழவழப்பான மறுபக்கத்தைக் காம்பின்மேல் வைத்து, தண்டை வலிக்காத அளவுக்கு மெல்ல இழுத்துச் சற்று நேரம் நிறுத்தினால், காம்பு வெளியே எழும்புகிறது, பால் கொடுக்கும் முன்பாகத் தினம் பல தடவை செய்யலாம். சில ரூபாய்ச் சாதனம். அதைச் செய்துகாட்டுவதற்கும் ஓர் ஆள் வேண்டும் என்பதே அதன் விலை.

1992ஆம் வருஷத்துச் சட்டம் பால்மாவையும் பால்புட்டியையும் அதில் மாட்டும் காம்பையும் விளம்பரப்படுத்தித் தாய்மாரை மயக்குவதைத் தடுத்தது. அது மிக நல்ல சட்டம். உறை அந்த வரிசையில் சேராது. கடையில் எவரும் கேட்டு வாங்கலாம். தடை போட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், ஏனெனில் அது இல்லாதிருந்தால் ஆறாம் நாளில் எங்கள் குழந்தைக்குப் பால்புட்டியே கதியாகியிருக்கும். உலக சுகாதார நிறுவனமும் யூனிஸெஃபும் 1989இல் வகுத்த பத்துப் படிகளில், செயற்கைக் காம்புகளைக் கொடுக்கவே கூடாது என்று இருந்த விதி, 2018இல் அவற்றின் உபயோகத்தையும் அபாயத்தையும் தாய்க்கு எடுத்துச் சொல் என்று மாறியது. எடுத்துச் சொல்வதற்கு ஆள் வேண்டும். ஒவ்வொரு பிரசவக் கூடத்திலும், வேறு வேலை எதுவும் இல்லாமல், தாயின் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தை வாய் பிடிப்பதைப் பார்ப்பதற்கென்றே ஒருத்தியை நியமித்தால், இந்த உறைகளில் பெரும்பாலானவை விற்காது. விற்கும் சிலவும் நன்மையே செய்யும். அரசாங்கத்தாரிடமும் தனியார் மருத்துவமனைகளிடமும் நான் கேட்பது இதுதான்.

உறையை விடுவிப்பதற்கு ஆறு வாரம் ஆயிற்று. நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வரலாம் என்று யாரோ சொன்னதை நர்ஸம்மா தடுத்தார். வெட்டிய சிலிக்கோனின் ஓரம் குழந்தையின் வாயைக் கீறிவிடும். உறையோடு தொடங்கி, பால் நன்றாக இறங்கிக் குழந்தை பாதிப் பசி தீர்ந்து அமைதியாக இருக்கும்போது, சட்டென்று உறையை எடுத்துவிட்டு வெறுங்காம்பைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். இருபது நாள் அது மறுத்தது. மறுத்தபோதெல்லாம் சண்டை போடாமல் மறுபடி உறையை வைத்தாள். ஒரு விடியற்காலையில், எழுந்து விளக்கைப் போடச் சோம்பி, அரைத் தூக்கத்தில் குழந்தையை அணைத்தவள், அது குடித்து முடித்த பிறகுதான் உறை அலமாரியிலேயே இருப்பதைக் கவனித்தாளாம்.

போன வாரம் எதிர்வீட்டு அம்மாள் வந்து, தம் மருமகளுக்கும் குழந்தை வாய் பிடிக்கவில்லை என்று சொல்லி, அந்த உறையை எந்தக் கடையில் வாங்கினோம் என்று விசாரித்தார். என் மகள் கடையின் பெயரைச் சொல்லவில்லை. குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, “இருங்க மாமி, நானும் வரேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். அவள் திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.